அண்ணாச்சி பெயர் போட்ட சோப்பு

கொடுத்த சோப்பை யாராவது திரும்பக் கேட்டு வாங்குவார்களா? அதுவும் பாதி தேய்ந்த சோப்பை? எங்கள் தெருவில் நடந்தது. நடந்ததற்குக் காரணம் – வேறு யார், நான்தான்.

நான் சோப்புக் காய்ச்சத் தொடங்கிய கதை உங்களுக்குத் தெரியும். இதே பத்திரிகையில், இதே பக்கத்தில் புலம்பித் தீர்த்திருக்கிறேன். தேங்காய் எண்ணெய், காஸ்டிக் சோடா, கையுறை, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு யுத்தம்... அதெல்லாம் பழகிவிட்டது. தகராறு அச்சில்தான். ஆன்லைனில் சிலிக்கோன் அச்சு விற்கிறார்கள். விலையைப் பார்த்ததும் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். வீட்டில் இல்லாத டப்பாவா?

தயிர் டப்பா, ஐஸ்கிரீம் டப்பா, ஜூஸ் வந்த அட்டைப் பெட்டி, பிளம்பர் விட்டுப்போன பிவிசி குழாய்த் துண்டு – எல்லாவற்றிலும் ஊற்றினேன். ஊறுகாய் டப்பாவில் ஊற்றியது மட்டும் தோல்வி. அந்தச் சோப்பில் குளித்துவிட்டு வந்த என் கணவர், "பழைய சோறு இருக்கா?" என்றார்.

அலுமினியத்தில் ஊற்றக் கூடாது. சோடா அதை அரித்துவிடும். எவர்சில்வர் என்றால் பரவாயில்லை. அப்படித்தான் பரணில் கிடந்த ஆறு கிண்ணங்கள் கீழே இறங்கின.

இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது பக்கத்து வீட்டு சங்கரபாண்டி அண்ணாச்சி கொடுத்த கிண்ணங்கள் அவை. விக்கிரமசிங்கபுரத்தில் பாதிப் பேரைப் போல அவரும் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர், கைதான் கொஞ்சம் இறுக்கம். கடையில் இருப்பதிலேயே மெல்லிசான தகடாகப் பார்த்து வாங்கி, ஒவ்வொன்றின் அடியிலும் தன் பெயரை வெட்டச் சொல்லியிருந்தார். மெஷினில் இல்லை. உளியும் சுத்தியலும் வைத்து, புள்ளி புள்ளியாக. அடித்த அடியில் எழுத்து உள்பக்கம் வரை புடைத்துவிட்டது. நான் அதைக் கவனிக்கவில்லை.

சோப்பு இறுகியதும் கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் ஃப்ரீசரில் வைத்து, கவிழ்த்துத் தட்டினேன். பொத்தென்று விழுந்தது. வெள்ளையாக, வட்டமாக, வழவழவென்று... நடுவில் குழிந்த எழுத்துகளில் 'சங்கரபாண்டி'!

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆறையும் ஜன்னலோரம் வரிசையாகக் காய வைத்தபோதுதான் ஒரு மாதிரி இருந்தது. வெள்ளைக் கல்லில் வெட்டிய பெயர் – அதை நாம் வழக்கமாக எங்கே பார்ப்போம்? சீச்சீ என்று என்னையே திட்டிக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன்.

ஒரு மாதத்துக்கு மேல் காய்ந்ததும் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தேன். எனக்கு ஒன்று, அண்ணாச்சிக்கு ஒன்று. மனுஷர் பூரித்துப்போனார். "பாத்தியா தங்கச்சி, நம்ம பேரப் போட்டுத் தெருவே குளிக்குது!"

அவர் மனைவி பூரிக்கவில்லை. மதினி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தேயத் தேய அவிய பேரும்லா அழியும்?"

"சோப்புன்னா தேயத்தான மதினி செய்யும்?"

"ஆளுக்கொரு பக்கமா தெனமும் அவிய பேர அழிக்காவ. நீ சிரிக்கியே..."

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வீடு வீடாகக் கிளம்பிவிட்டார். "அந்தச் சோப்பத் தாங்க... தேஞ்சிருந்தாலும் பரவால்ல." சிலர் ஈரத்தோடு எடுத்துக் கொடுத்தார்கள். ஏழெட்டுப் பேர் குளிக்கிற முக்கு வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரு சில்லு. அதையும் தாளில் பொதிந்து வாங்கி வந்தார். எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கி, தண்ணீர் படாமல் அடுக்களை அலமாரியில் வைத்தார். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "இவளுக்குக் கோட்டி புடிச்சிருக்கு!"

ஒரு சோப்பு மட்டும் தட்டுக்குப் போய்ச் சேரவில்லை. என்னுடையது.

ஏன் கொடுக்கவில்லை? பிடிவாதம்தான். நான் கெமிஸ்ட்ரி படித்தவள். பெயர் கரைந்தால் ஆள் கரைவாரா, என்ன பேச்சு இது? தினமும் அதைத்தான் தேய்த்துக் குளித்தேன். கொஞ்சம் அழுத்தியே தேய்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். முதல் எழுத்து போயிற்று. பிறகு ஒவ்வொன்றாக... மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று என்னை அறியாமலே பார்க்கத் தொடங்கியிருந்தேன். பார்த்துவிட்டு, மாடிக்குப் போய் அண்ணாச்சி வாசலில் சைக்கிள் துடைக்கிறாரா என்றும் எட்டிப் பார்ப்பேன். துடைத்துக்கொண்டிருப்பார். சும்மாதான் பார்த்தேன்... நம்புங்கள்.

அன்றைக்கு மத்தியானம். பாபநாசம் மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. முருங்கை மரத்தில் ஒரு இலை அசையவில்லை. மதினி மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார் – சத்தமாக இல்லை, யாரோ தூங்குகிற வீட்டில் பேசுவது போல.

"தங்கச்சி... பைய இங்கன வந்து பாரேன்."

அலமாரியில் சோப்புத் தட்டு. ஒவ்வொரு சோப்பின் மேலும் பொட்டுப் பொட்டாகத் தண்ணீர். குழிந்த எழுத்துகளுக்குள் அது தேங்கி, பெயர் மட்டும் தனியாக மின்னியது. பக்கத்தில் இருந்த டம்ளர் காய்ந்திருந்தது. தட்டும் காய்ந்திருந்தது.

"வேர்க்குது" என்றார் மதினி.

தொட்டுப் பார்த்தேன், ஈரம்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "வீட்டுச் சோப்புல கிளிசரின் இருக்கும் மதினி. அது காத்துல இருக்க ஈரத்த இழுக்கும். மழை வரப்போவுதுல்லா, அதான்..."

நான் விளக்கி முடித்தபோது மதினி அங்கே இல்லை.

முன்னறைக் கட்டிலில் அண்ணாச்சி படுத்திருந்தார். மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மதினி அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "இங்கேருங்க... இங்கேருங்க!"

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. நெற்றியில், மேலுதட்டில், கழுத்தில்... பொட்டுப் பொட்டாக வியர்வை. நான் கையைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

"ஒண்ணுமில்லட்டி... நெஞ்ச என்னமோ அமுக்குது. வாயுவா இருக்கும். கொஞ்சம் சுக்குத் தண்ணி குடு, படுத்தாச் சரியாப் போவும்."

"சவத்துச் சுக்கு! எந்திரிங்க மொதல்ல!"

மதினி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ஆட்டோவில் அம்பாசமுத்திரம், அங்கிருந்து ஆம்புலன்ஸில் திருநெல்வேலி. வழியெல்லாம் மதினி அவர் கையை விடவில்லை. "பேசுங்க... எதாவது பேசுங்க... என்னைய ஏசவாவது செய்யுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஒரு ஓரமாக உட்கார்ந்து அழுதேன்.

மாரடைப்பு. "தூங்கட்டும்னு விட்டிருந்தீங்கன்னா தூக்கத்துலயே போயிருப்பாரு" என்றார் டாக்டர்.

அண்ணாச்சி பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்துவிட்டார். சைக்கிள் துடைக்க மட்டும் இன்னும் அனுமதி இல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். நான் சொன்ன விளக்கத்தில் ஒரு தப்பும் கிடையாது. கிளிசரின் ஈரத்தை இழுக்கும். நாளைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால், அந்தச் சரியான விளக்கத்துக்குத் தலையாட்டிக்கொண்டு மதினி அங்கேயே நின்றிருந்தால்?

இன்னொன்றும் இருக்கிறது. அன்று காலையில்தான் என் சோப்பில் மிஞ்சியிருந்த கடைசி எழுத்து என் கட்டைவிரலுக்கு அடியில் கரைந்து போனது. இதை மதினியிடம் நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம் – அவருக்குப் பத்திரிகை படிக்கிற வழக்கமில்லை.

போன வாரம் மதினி இரண்டு புதுக் கிண்ணங்களோடு வந்தார்.

"ஒண்ணுல எம் பேரு வெட்டியிருக்கு தங்கச்சி. சோப்பு ஊத்திக் குடு. அவிய சோப்புக்குப் பக்கத்துல வைக்கணும். யாருக்கு வேர்த்தாலும் இன்னொருத்தர் பாத்துக்கிடலாம்லா?"

காய்கறி விலை சொல்வது போலத்தான் சொன்னார்.

"சரி... இன்னொண்ணு யாருக்கு மதினி?"

"ஒனக்குத்தான். அன்னைக்கு ஆசுபத்திரி வரைக்கும் கூட வந்தேல்லா, அவியளே கடையில சொல்லி வாங்கித் தந்தாவ. ஒம் பேரு போட்டிருக்கு பாரு."

கிண்ணத்தைக் கையில் வாங்கினேன். அதே மெல்லிசுத் தகடு. அதே உளி. என் பெயர் உள்பக்கம் வரை அழகாகப் புடைத்திருந்தது.

மதினியின் கிண்ணத்தில் அன்றைக்கே சோப்பு ஊற்றிவிட்டேன். என் கிண்ணத்தில் உளுந்து போட்டு, மூடி, மேல்தட்டில் வைத்திருக்கிறேன். நான்தான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லையே!