தோல் வாஷர்

நகரின் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்த்த எனக்கு, ஒரு சாக்கடையைத் திருப்பிவிட யார் யார் கையெழுத்து வேண்டும் என்பது மனப்பாடம். ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டார் தண்ணீர் எடுக்கும் காவேரிப் படித்துறைக்குச் சற்று மேலேதான் அந்தச் சாக்கடை விழுந்தது. கையெழுத்துகள் சேர்வதற்குள் அக்காவின் குழந்தைக்கு வாந்திபேதி கண்டுவிட்டது. ஆற்றுத் தண்ணீரை விட்டு, வேறு நல்ல தண்ணீரைக் காய்ச்சி, ஓயாமல் கொடுக்கச் சொன்னார் டாக்டர்.

"அத்திம்பேர், குழாய்த் தண்ணி கொடுங்கோ," என்றேன் அக்காவின் கணவரிடம்.

"குழாய்க்குள்ள மாட்டுத்தோல் வாஷர்டா. ஆசாரமான அகத்துல அதைக் குடிப்பாளா?"

"காவேரியில சாக்கடை கலக்கறதே."

"காவேரிக்கு ஏதுடா தீட்டு? கங்கையே ஐப்பசியில இங்க வந்துதான் குளிக்கறா."

தெரு வால்வை மூடிவிட்டு, அவர் வீட்டுக் குழாயைக் கழற்றி, தோலுக்குப் பதில் சைக்கிள் டியூபை வெட்டிப் பொருத்தினேன். அனுமதியில்லாமல் செய்தால் விதிப்படி அது குற்றம். அத்திம்பேர் குனிந்து பார்த்தார்.

"இங்க ரப்பர், சரி. வர்ற வழியெல்லாம்?"

வழியெல்லாம் தோல்தான். நான் போய்த் தெரு வால்வைத் திறந்துவிட்டேன். அக்கா, தன் கணவரைப் பார்க்காமல், குடத்தைக் குழாயடியில் வைத்தாள். தண்ணீர் கொதித்து ஆறுவதற்குள் குழந்தையின் கண்கள் குழிந்துவிட்டன. கரண்டியால் ஊட்டிய முதல் வாய் அப்படியே வெளியே வழிந்தது. அடுத்த வாய்க்காக அக்கா அவன் தலையைத் தூக்கிப் பிடித்தாள்.