யூசர் மிஸ்டேக்

யூனிஸுக்கு மனிதர்களைப் பிடிக்காது. அதிலும் லேப்டாப் வைத்திருக்கும் மனிதர்களைச் சுத்தமாகப் பிடிக்காது. இதில் வேடிக்கை என்னவென்றால், பெங்களூரு பெல்லந்தூரில் ஏழு மாடிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் அவர்களுக்கு லேப்டாப் கொடுப்பதும், அவர்கள் உடைத்துக்கொண்டு வருவதை வாங்கிப் பார்ப்பதும்தான் அவள் வேலை. விவேக் நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி எட்டரைக்கே வந்து தரைத்தளத்து கவுன்டரில் உட்கார்ந்துவிடுவாள். வயது ஐம்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. ஆனவர்களைப் பார்த்த பிறகு அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை.

இருபது வயதில் எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடையில் ஸ்க்ரூடிரைவர் பிடித்த கை அது. மூடியைத் தூக்கும்போதே கீல் எந்தப் பக்கம் தளர்ந்திருக்கிறது என்று அவள் விரல் சொல்லிவிடும். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரே பாட்டைப் பாடுவாள்.

"நடுவுல புடிச்சுத் தொறங்க. மூலையில இழுத்தா ஒரு பக்க ஹிஞ்ச் முறுக்கிக்கும். அந்த ஸ்க்ரூ ஒக்காந்திருக்கறது வெறும் பிளாஸ்டிக்ல. ஸ்க்ரீனைப் புடிச்சுத் தூக்காதீங்க. லேசா ஆடுதுன்னா அன்னிக்கே கொண்டாங்க, முறுக்கித் தர்றேன். ஒடச்சப்புறம் வந்து மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க."

அவர்கள் ஃபோனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார்கள். ஆறே மாதத்தில் கீல் பிய்ந்து, ஓரம் வாயைப் பிளந்துகொண்டு மெஷின் திரும்பி வரும். யூனிஸ் கணினியில் அவர்கள் பெயருக்கு நேரே 'யூசர் மிஸ்டேக்' என்று தட்டிவிடுவாள். மூன்று முறை அப்படி விழுந்தால் லேப்டாப் போய்விடும். பிறகு ஆபீஸ் மேசையில் ஆணி அடித்த மாதிரி இருக்கும் கம்ப்யூட்டர்தான். வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சே கிடையாது.

அப்படி முதலில் மாட்டியவன் சஞ்சய். அப்பாவுக்கு ஓசூரில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், கூட்டிப் போக வேறு ஆள் இல்லை என்று கவுன்டரில் நின்று அழுதான். "ரூல்னா ரூல்தான்பா" என்றாள் யூனிஸ். இரண்டு மாதத்தில் அவன் வேலையை விட்டான். அதற்கப்புறம் எல்லாரும் கொஞ்சம் பயந்தார்கள், அது அவளுக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால் 'ஹிஞ்ச் ஆன்ட்டி' என்று கூப்பிடுவதும் தெரியும். கூப்பிட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்று செவ்வாய்க்கிழமை தீபிகா வந்தாள். தர்மபுரிப் பெண், வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்வதால்தான் வண்டி ஓடுகிறது. வலது பக்கக் கீல் தனியாகத் தொங்கும் லேப்டாப்பை கவுன்டரில் வைத்தாள். ஏற்கெனவே அவள் பெயரில் இரண்டு 'யூசர் மிஸ்டேக்' இருந்தது.

"மூணாவது" என்றாள் யூனிஸ்.

"மேடம், நீங்க சொன்ன மாதிரி நடுவுல புடிச்சுத்தான் தொறக்கறேன்."

"நாலாவது மாடியில பாதி தொறந்து வெச்சுக்கிட்டு, ஸ்க்ரீன் முனையைப் புடிச்சுத் தூக்கிட்டுப் போனியே, நான் பாக்கலைன்னு நெனச்சியா? கீழ்ப்பாதி வெயிட்டு பூரா ஹிஞ்ச்லதான தொங்கும்?"

"எல்லாரும் அப்படித்தான் போறாங்க."

"எல்லாரும்தான் ஒடச்சுட்டு வர்றீங்க."

தீபிகாவின் முகம் சிவந்தது. "ஏன் அப்படிப் போறோம்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? மூடினா அந்த நிமிஷமே மெஷின் தூங்கிடும், வீடியோ கால் கட் ஆயிடும். மறுபடி பாஸ்வேர்டு, ஃபோன்ல வர்ற நம்பர்னு மூணு நிமிஷம் போயிடும். மீட்டிங் பாதியில ரூம் மாறணும்னா வேற எப்படிப் போறது?"

"சும்னே கதை விடாத. வேலை செய்யத் தெரிஞ்சவங்களுக்கு மூடவும் தெரியும்."

"உங்களுக்கு எங்க தெரியும்? உங்ககிட்ட லேப்டாப்பே இல்ல."

அது உண்மைதான். யூனிஸின் கவுன்டரில் இருந்தது பழைய மேசைக் கணினி. மூட அதற்கு மூடியே இல்லை. எரிச்சலில் அவள் 'யூசர் மிஸ்டேக்' என்று தட்டி, விசையை ஓங்கி அழுத்தினாள்.

மூன்று மணிக்கு நிர்வாக மேலாளர் வெங்கடகிருஷ்ணன் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். தீபிகா சும்மா வரவில்லை, கையில் ஒரு தாள் இருந்தது. மூடினால் உடனே தூங்கும்படி எல்லா லேப்டாப்பையும் யார் மாற்றச் சொன்னது என்று சிஸ்டம் டீமில் தோண்டி எடுத்திருந்தாள். ஐந்து வருஷத்துக்கு முந்தைய கோரிக்கை அது. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். படித்தவர் நிமிர்ந்து யூனிஸைப் பார்த்தார்.

"இதுல உங்க பேர்னா இருக்கு, யூனிஸ்."

அவளுக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. மூடிய பிறகும் ஓடிக்கொண்டிருந்த ஒரு லேப்டாப் யாரோ ஒருவரின் பைக்குள் கிடந்து கொதித்துப் போனது. மூடினால் தூங்க வேண்டும் என்று எழுதிப் போட்டதும் அவள்தான். அதற்காகக் கைதட்டி ஒரு பாராட்டுப் பத்திரமும் கொடுத்தார்கள். இன்றைக்கும் அவள் கவுன்டருக்குப் பின்னால் அது தொங்குகிறது. கீல்கள் கூட்டமாக உடைய ஆரம்பித்ததும் அந்த வருஷம்தான். ஜனங்களுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று அவள் அப்போது நினைத்தாள்.

"சரி, யார் போட்டா என்ன இப்ப?" என்றார் வெங்கடகிருஷ்ணன். அவருக்குச் சண்டை என்றாலே ஆகாது. "மெஷின் பழசுன்னு எழுதிடுங்கோ. ரெண்டு பேரும் சமாதானமா போயிடுங்கோ."

யூனிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தீபிகாவின் மேல் இருந்ததைவிட அதிகமான கோபம், அவர் மேலா தன் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. "மெஷின் பழசில்ல சார். போன வருஷம்தான் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

தீபிகா விடாமல் பின்னாலேயே வந்தாள். யூனிஸ் கவுன்டரில் உட்கார்ந்து தன் பழைய கோரிக்கையைத் திறந்து, ரத்து செய்யச் சொல்லிப் புதிதாக ஒன்று போட்டாள். மூடினால் மெஷின் தூங்கக் கூடாது, பையில் போடும்போது அவரவரே அணைத்துக்கொள்ள வேண்டும். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'யூசர் மிஸ்டேக்' என்று தட்டினாள். யூசர் யார் என்ற கட்டத்தில் தன் பெயரைப் போட்டாள். பிறகு தீபிகாவின் பெயரில் இருந்த மூன்றாவதை நீக்கினாள்.

"முந்தின ரெண்டு?"

அதையும் நீக்கினாள். தீபிகா நன்றி சொல்லவில்லை. இவளும் எதிர்பார்க்கவில்லை. மாற்று லேப்டாப் ஒன்றை எடுத்துத் தள்ளினாள். தீபிகா அதன் மூலையைப் பிடித்து ஒற்றைக் கையால் மூடியைத் தூக்கினாள்.

"நடுவுலம்மா! நடுவுல!" என்று கத்தினாள் யூனிஸ். "எம்மேல தப்புன்னா ஒம்மேல தப்பே இல்லைன்னு ஆயிடாது."

தீபிகா முறைத்துக்கொண்டே கையை நடுவுக்கு மாற்றினாள். திறந்து பார்த்து, மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "மத்தவங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

ஐந்து வருஷத்துப் பட்டியலில் அறுபத்துமூன்று பேர் இருந்தார்கள். யூனிஸ் மேலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு வந்தாள். நீக்க நீக்க அவரவருக்குத் தகவல் போய்க்கொண்டிருந்தது. வேலையை விட்டவர்களின் பெயர் சாம்பல் நிறத்தில் இருக்கும். சஞ்சயின் பெயர் அப்படித்தான் இருந்தது, நேரே மூன்று குறிப்புகளோடு. மூன்றையும் நீக்கினாள். தகவல் அனுப்ப முடியவில்லை என்று திரையில் வந்தது.

அவள் மறுபடியும் அனுப்பிப் பார்த்தாள். மறுபடியும் அதேதான் வந்தது.