மன்னருக்கு அப்பா போட்ட மனு

இந்த நாட்டுத் தபால்தலையில் நாட்டின் பெயர் இருக்காது. மன்னரின் தலை மட்டும் இருக்கும். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. நாணயத்தில் அவர் முகம், பாஸ்போர்ட்டில் அவர் சின்னம். நாடாளுமன்றம் தொடங்கும் நாளில் கிரீடத்தோடு வந்து, "என் அரசாங்கம் இதைச் செய்யும்" என்று வாசிப்பவரும் அவர்தான். ஆனால் அந்த உரையை எழுதுவது அமைச்சர்கள். அதில் ஒரு வரியைக்கூட அவரால் அடிக்க முடியாது. இது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். சிங்காநல்லூரில் இருக்கும் என் அப்பாவுக்குத்தான் என்னால் புரியவைக்க முடியவில்லை.

அப்பா லேத் பட்டறை வைத்திருந்தவர். அம்மா போன பிறகு தனியாக இருக்கிறார். நான் ஒரே பெண். போன ஆடியில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துத்தான் தூக்கினார்கள். அன்றிலிருந்து ஊரிலிருந்து போன் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். அவரை என்னோடு வைத்துக்கொள்ள விண்ணப்பித்தேன். உள்துறை மறுத்துவிட்டது. இந்தியாவிலேயே சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமாம். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் வெள்ளிக்கிழமைகளில் நூலகத்தில் உட்கார்ந்து மக்களைச் சந்திப்பார். போனேன். பொறுமையாகக் கேட்டார். "விதியைப் போட்டது அரசாங்கம். நாடாளுமன்றம் அதைத் தடுக்கவில்லை. நாங்கள் எதிர்க்கட்சி, எங்களிடம் ஆள் போதாது" என்றார். சரி, நாடாளுமன்றம் அனுப்பும் சட்டத்துக்கு மன்னர் ஒப்புதல் தர மறுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அப்புறம் மன்னரே இருக்க மாட்டார்!" நான் நகைச்சுவை பண்ணுவதாக நினைத்துவிட்டார். நான் அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டது அவருக்குத் தெரியவில்லை.

இதற்குள் அங்கே அப்பா தன் வழியில் இறங்கிவிட்டார். கோயமுத்தூரில் எதுவும் நடக்காவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுப்பது எல்லோருக்கும் பழக்கம். சாக்கடை அடைத்தாலும் மனு, பட்டா மாறாவிட்டாலும் மனு. அந்த ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவரிடம் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் ஒன்று அடிக்கவைத்து, பதிவுத் தபாலில் நேரே அரண்மனைக்கே அனுப்பிவிட்டார். கீழே, 'நகல்: பிரதமர், மாவட்ட ஆட்சியர்' என்றும் போட்டிருந்தாராம்.

கொஞ்ச நாளில் அழைத்தார். "கண்ணு, அரமனைல இருந்து பதிலு வந்துபோட்டுது!"

படம் பிடித்து அனுப்பியிருந்தார். நல்ல கனமான தாள், மேலே முத்திரை. மன்னர் அமைச்சர்களின் ஆலோசனைப்படி நடப்பவர், அதனால் இதில் தலையிட இயலாது, தங்கள் மனு உள்துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று இருந்தது. நம்மை மறுத்த அதே உள்துறை.

"சுத்தி அங்கயேதானுங்கப்பா போயிருக்குது" என்றேன்.

"நம்மூர்லயும் அப்பிடித்தான கண்ணு? கலெக்டர்ட்டக் குடுத்தாலும் நாம கொறை சொன்ன ஆபீசருக்கேதான் வரும். ஆனா மேல இருந்து வந்துச்சுன்னா ஒரு பயம் இருக்குமல்ல?"

இங்கே அந்தப் பயம் இல்லை. மேலே இருப்பவர் பேசக் கூடாது என்பதுதான் இந்த ஊரின் ஏற்பாடே. மகுடம் ஆட்டிவைத்த காலத்தில் நிறையப் பட்டுத்தான் அவர் வாயைக் கட்டியிருக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் என் அப்பாவின் விஷயத்தில் வாயுள்ள யாரும் பேசவில்லை. உள்துறை விதியைக் காட்டியது, உறுப்பினர் எண்ணிக்கையைக் காட்டினார், அரண்மனை அமைச்சரைக் காட்டியது. யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

கணவரும் மகளும் ஏற்கெனவே இந்நாட்டுக் குடிமக்கள். நான் மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அப்பாதான் விடவில்லை. "அந்த ராசாவோட குடியாவே ஆயிரு கண்ணு. சொந்தக் குடி கேட்டா மாட்டேன்னு சொல்லுவாரா?" இல்லை என்று எத்தனையோ தடவை சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. கடைசியில் அவருக்காகவே விண்ணப்பித்தேன்.

போன வாரம் நகர மண்டபத்தில் மன்னரின் படத்துக்கு முன் நின்று, அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று உறுதி சொன்னேன். இந்தியக் குடியுரிமை போய்விட்டதால், ஊருக்குப் போக இனி நானும் அனுமதி கேட்க வேண்டும். போனில் வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, திரையில் தெரிந்த மன்னர் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"இனி என்னய உள்ள உடுவாரா கண்ணு?"

"அவரால உட முடியாதுங்கப்பா. அவருக்கு அந்த அதிகாரமே இல்லீங்க."

"பாவம்" என்றார் அப்பா. "அத்தாம்பெரிய அரமனைல இருந்துட்டு, வயசான ஒருத்தன வாங்கன்னு கூப்புட முடியலயே." வாசலில் கேஸ் சிலிண்டர்காரர் குரல் கேட்டது. போனை மேசைமேல் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு போனார்.

படம் எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். மன்னருக்குப் பக்கத்தில் நின்று சிரித்தேன். ஒரு கையில் சான்றிதழ். இன்னொரு கையிலிருந்த போனில், ஆளில்லாத சிங்காநல்லூர் வீட்டு அறையின் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.