சஹன் தட்டில் என் இடம்

கண் ஒபரேசனுக்கு முன்னால் இரத்தம் பார்த்தபோதுதான் எனக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. ஈரலைப் பிடிக்கிற கிருமியாம். "ஈரல் நல்லா இருக்கு, இடைக்கிடை வந்து காட்டுங்க" என்றார் கண்டியில் டொக்டர். எப்படிப் பரவும் என்று கேட்க நாக்கு எழவில்லை. பஸ்ஸில் மிச்சக் காசு கேட்கவே கூச்சப்படுகிறவள் நான்.

வீட்டுக்கு வந்து, மருமகளின் நெயில் பொலிஷால் என் கோப்பையில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன். அன்றிலிருந்து குசினி மூலையில் தனிச் சாப்பாடு.

அந்த நேரம் பார்த்துத் தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது. அலவத்துகொடையில் எங்கள் கல்யாணங்களுக்குச் சஹன் சோறுதான். பாயில் பெரிய தட்டை வைத்து, ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து, ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவோம். சின்ன வயதிலிருந்து தங்கையும் நானும் ஒரே சஹன். கோழியைப் பிய்த்துப் பங்கு வைப்பது என் வேலை.

"தாத்தா, நீங்க எனக்குப் பக்கத்துல" என்றாள், கல்யாணம் சொல்ல வந்த தங்கை. அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"முழங்கால் மடங்காது. நான் கதிரையில இருந்து தின்னுறேன்."

"தொழக்குள்ள மட்டும் மடங்குதோ?"

முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டாருக்கும் இரத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்ல, சுகாதாரப் பகுதி மிஸ் வந்தார். தெல்தோட்டைப் பிள்ளை. கோப்பையைக் கண்டதும், "என்னம்மா, கோப்பைக்குப் பொட்டெல்லாம் வச்சிருக்கீங்க?" என்றார். காரணத்தைச் சொன்னேன்.

"ஐயோ, சோத்துலயும் கோப்பையிலயும் இது பரவாதும்மா. இரத்தம் படுறதுலதான் கவனமா இருக்கணும்."

அவர் சொல்லும்போதே என் மகன் கலண்டர் ஆணியில் தொங்கிய நெயில் கட்டரை எடுத்து நகம் வெட்டத் தொடங்கினான். வீட்டில் எல்லோருக்கும் அது ஒன்றுதான்.

"முதல்ல அதை வைங்கண்ணே! கோப்பையை ஒதுக்கிட்டு இதைப் பொதுவுல தொங்க விட்டிருக்கீங்களே! இதுவும், சேவ் எடுக்குற பிளேடும், பல் பிரஷும்தான் ஆளுக்கு ஆள் தனியா இருக்கணும்."

கோப்பையில் இருந்த பொட்டு நெயில் கட்டருக்கு மாறியது. அது எனக்கே ஆனது. மகனுக்கும் மருமகளுக்கும் கிருமி இல்லை, அல்ஹம்துலில்லாஹ். இருவரும் முதல் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டார்கள்.

கல்யாணம் கட்டுகஸ்தோட்டையில் ஒரு மண்டபத்தில். தங்கைக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் மாமி குனிந்து தங்கையின் காதில், "இவங்களுக்கு என்னமோ தொத்து வருத்தமாமே, தனியாப் போட்டுக் குடுக்கல்லையா?" என்றார். காதில் சொன்னது பாய் முழுக்கக் கேட்டது. மிஸ் எங்கள் வீட்டுக்கு வந்துபோனதை யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

தங்கை என்னைப் பார்த்தாள். அவளுக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எழும்பிக் கதிரைக்குப் போகத்தான் பார்த்தேன். வாய் முந்திக்கொண்டது.

"ஓ, இரத்தத்துல கிருமி ஈக்குது. சோத்துல பரவாதுன்னு மிஸ் செல்லிட்டாங்க. என்ட நெயில் கட்டரை மட்டும் கேட்டுடாதீங்கோ."

தங்கை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"அதுக்குத்தானா முழங்கால் மடங்கல்ல? கோழியைப் பிய்ங்கோ தாத்தா, பசிக்குது."

பிய்த்து, முதல் துண்டை மாமிக்கு முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"எனக்கு நெஞ்சுத்துண்டு சரிவராது. காலைத் தாங்கோ" என்றார்.

காலை எனக்கென்று சோற்றுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன்.