பிரேக்கில் பூசிய மீன் எண்ணெய்

போன மாதம் ராமநாதபுரத்தில் ஒரு சைக்கிள் கடைக்காரர் என் சைக்கிளை மோந்து பார்த்தார்.

ஆமாம், மூக்கை வைத்துத்தான். முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஆழமாக ஒரு இழுப்பு. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை ரொம்பக் கம்மி.

அந்த இடத்துக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

சுகர். வேறென்ன? ஐம்பத்திரண்டு வயதில் நமக்கெல்லாம் வேறு என்ன புதிதாக வரப்போகிறது? ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "தினமும் ஒரு மணி நேரம் உடம்பு வேர்க்கணும்" என்றார். ராமேஸ்வரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே வேர்க்குமே சார் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நான் இருப்பது ராமேஸ்வரம் தீவில், அக்காள்மடத்தில். வேலை ராமேஸ்வரத்தில், ஒரு லாட்ஜில் மேனேஜர். தினமும் பஸ். அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டு சைக்கிளில் போனால் என்ன? ஆபீசுக்குப் போனது மாதிரியும் ஆச்சு, உடம்பைக் குறைத்தது மாதிரியும் ஆச்சு. மனைவி வசந்தாவிடம் சொன்னேன். "கேரியர் இருக்கிற சைக்கிளா வாங்குங்க. வரும்போது மீன் வாங்கிட்டு வரலாம்" என்றாள். என் ஆரோக்கியத்தைப் பற்றி அவள் சொன்ன முதல் கருத்து அது.

ராமநாதபுரத்தில் கடை வைத்திருக்கும் செல்வம்தான் எனக்கு வகுப்பெடுத்தார். நாற்பது வயசிருக்கும். கையெல்லாம் கிரீஸ். "குனிஞ்சு ஓட்டுற ரோடு பைக் வேணாம் சார், முதுகு போயிரும். தடி டயர் வண்டியும் வேணாம், மிதிச்சே செத்துருவீங்க. ஹைபிரிட் எடுங்க. ரெண்டுக்கும் நடுவுல." இட்லிக்கும் தோசைக்கும் நடுவில் ஊத்தப்பம் என்று நான் புரிந்துகொண்டேன்.

நான் கண் வைத்தது பெரிய சைஸ் பிரேமில். பார்க்க அவ்வளவு கம்பீரம்! செல்வம் அதன் மேல் கம்பியின் இரண்டு பக்கமும் கால் போட்டு என்னை நிற்கவைத்தார். நின்றேன். உடனே இறங்கி, நடுத்தர சைஸுக்கு மாறினேன். காரணத்தை ஆண்கள் கேட்க மாட்டார்கள், பெண்களுக்குச் சொல்ல முடியாது.

அடுத்து கியர். சமமான ரோட்டுக்கு இருபத்தோரு கியர் எதற்கு? மேடு பள்ளமே இல்லாத தீவாச்சே? "உங்க ஊர்ல மேடு தரையில இல்ல சார், காத்துல இருக்கு" என்றார் செல்வம். பெரிய உண்மை அது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலையில் நான் கிழக்கே லாட்ஜுக்குப் போகும்போது யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுவதுபோல இருக்கும். சாயங்காலம் திரும்பும்போது அதே கை நெஞ்சில் வந்து நிற்கும். எதிர்க்காற்றில் கியரைக் குறைத்து, பொடிப்பொடியாக மிதித்து, வீடு வந்து சேர்வதற்குள் டாக்டர் கேட்ட வேர்வை ஒன்றுக்கு இரண்டாக வந்துவிடும்.

இந்த நவீன சைக்கிள்களில் ஒரு விசேஷம் கவனித்தீர்களா? ஸ்டாண்டு கிடையாது. மட்கார்டு கிடையாது. கேரியர் கிடையாது. பெல்கூடக் கிடையாது. மாப்பிள்ளையை வேட்டி இல்லாமல் மணவறைக்கு அனுப்பிய மாதிரி கொடுக்கிறார்கள். எல்லாம் நாம்தான் மாட்டிக்கொள்ள வேண்டும்.

மாட்டினேன். மட்கார்டு முதலில். மழையே பெய்யாவிட்டாலும் ராமேஸ்வரம் கோயில் தெருக்கள் ஈரமாகத்தான் இருக்கும்... தீர்த்தமாடிவிட்டுச் சொட்டச் சொட்ட நடந்து போகும் யாத்ரீகர்கள். மட்கார்டு இல்லாமல் போனால் லாட்ஜுக்குள் நுழையும்போது என் முதுகில் ஒரு நீளமான சேற்றுக்கோடு இருக்கும். அப்புறம் கத்தி மாதிரி இருந்த சீட்டைக் கழற்றிவிட்டு அகலமாக ஒன்று. ஹேண்டில்பாரை இரண்டு விரல் உயர்த்தினோம். ரோட்டில் படுத்திருக்கும் ஆடுகளுக்காக ஒரு பெல். வசந்தாவுக்காகக் கேரியர்.

பெல்லைத் தேர்ந்தெடுக்க மட்டும் கொஞ்சம் நேரமானது. ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது செல்வம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். செயினுக்கு எண்ணெய் போடணும், டயருக்குக் காற்று பார்க்கணும், டிஸ்க் பிரேக்கில் மட்டும் எண்ணெய் படவே கூடாது... நான் "ம்... ம்..." என்றேன். டிரிங்! இது நல்லாயிருக்கு, இதையே போடுங்க என்றேன்.

இரண்டு மாதம் ஓடியது. பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போனது. வாழ்க்கை நன்றாகத்தான் இருந்தது.

இனி ஹபீப் காக்கா.

எதிர்வீடு. காக்கா என்றால் இந்தப் பக்கத்து முஸ்லிம்களுக்கு அண்ணன். அறுபதைத் தாண்டியவர். வளைகுடாவில் ஒரு படகுத் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஓய்வு பெற்றவர் என்று பேர்தான், கை ஓயாது. தெருவில் எந்த இரும்பும் அவர் கண்ணுக்குத் தப்பாது. யார் வீட்டுக் கேட் கீச்சென்றாலும் எண்ணெய் டின்னோடு வந்துவிடுவார். கேட்கக்கூட மாட்டார். வந்து பூசிவிட்டுப் போய்விடுவார். நான் கமுதிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் இரும்பு இரும்பாகவே இருக்கும். இங்கே உப்புக்காற்றில் அது மூன்று மாதத்தில் பொரிந்து கையோடு வந்துவிடும். இங்கே பிறந்தவர்களுக்கு வண்டி வாங்கியதும் முதலில் தோன்றுவது எண்ணெய்தான்.

என் சைக்கிளை அவர் முதல் நாளிலிருந்தே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அலுமினியம் காக்கா, துருப்பிடிக்காது."

"அலுமினியச் சட்டியவே உப்பு ஓட்டை போட்டுருது தம்பி. இது என்ன?"

ஒரு சனிக்கிழமை நான் லாட்ஜிலிருந்து வந்து குட்டித் தூக்கம் போட்டு எழுந்தபோது, சைக்கிள் மினுமினுவென்று நின்றது. பழைய என்ஜின் ஆயிலும் மீன் எண்ணெயும் கலந்து, மரப்படகுக்குப் பூசுவது மாதிரி, கம்பி கம்பியாக, சந்து சந்தாகப் பூசியிருக்கிறார். ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர் முகத்தில் இருக்கும் திருப்தி அவர் முகத்தில். எனக்கும் பெருமைதான். வாசனையா? கடற்கரையில் மீன் வாசனையை யார் கவனிக்கிறார்கள்? பூனைகள் கவனித்தன. ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பூனைகள் சைக்கிளைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிறு என்றால் நான் பாம்பன் பாலம்வரை போவேன், உடற்பயிற்சிக்காக. விடியற்காலை காலி ரோடு. பிரேக் பிடிக்க அவசியமே வரவில்லை. பாலத்தில் ஏறினேன். ஏறும்போது பிரேக் எதற்கு? உச்சியில் நின்று கடலைப் பார்த்தேன், தண்ணீர் குடித்தேன், திருப்பிக்கொண்டு இறங்கினேன்.

இறங்கும்போதுதான் தெரிந்தது, என்னிடம் பிரேக் இல்லை என்று.

இரண்டு கையாலும் அழுத்துகிறேன். லீவர் ஹேண்டில்பாரைத் தொடுகிறது. சைக்கிள் கண்டுகொள்ளவே இல்லை. எதிரே ஒரு டூரிஸ்ட் வேன். செருப்புக்காலைத் தரையில் தேய்த்தேன்... தேய்த்தேன்... பாலம் முடிந்து, ரோட்டோர மணலில் திருப்பி, கருவேலம் புதரில் போய் விழுந்தேன். எழுந்து பார்த்தால் இடது செருப்பின் முனையைக் காணோம். கால் கட்டைவிரலில் தோலையும் காணோம்.

மற்றவர்களுக்கு அது சிராய்ப்பு. சுகர்காரனுக்கு அப்படியில்லை. காலில் காயம் என்றதும் தெருவே பேச்சைக் குறைத்துக்கொண்டது. டாக்டர் ஊசி போட்டு, கட்டுப் போட்டு, "தண்ணி படாம வச்சுக்கோங்க. புண் ஆறுதான்னு பாப்போம்" என்றார். அந்த "பாப்போம்" எனக்குப் பிடிக்கவில்லை. பயந்தேன், உண்மையைச் சொல்கிறேன், நன்றாகவே பயந்தேன்.

என்னைவிடப் பயந்தவர் ஹபீப் காக்காதான். அவருடைய சொந்தத் தம்பிக்குச் சின்னக் காயமாக ஆரம்பித்து, முழங்காலுக்குக் கீழே எடுத்தாயிற்று. தினமும் வருவார், கட்டைப் பார்ப்பார், "யா அல்லாஹ்" என்பார், போவார். மூன்றாவது நாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ரெண்டு மாசத்தில் பிரேக் போகிற வண்டியை விற்றவனை விடலாமா?

"நீ சாது தம்பி. உன்னைப் பேசியே அனுப்பிருவான். நானும் வாரேன்."

எனக்கும் அதே கோபம்தான். தெரிந்தவர் ஒருவரின் மினி லோடு வண்டியில் சைக்கிளை ஏற்றி, மூன்று பேரும் ராமநாதபுரம் போனோம். நான், காக்கா, சைக்கிள்.

கடை வாசலிலேயே காக்கா ஆரம்பித்துவிட்டார். "மனுஷன் கால் போயிருக்குமே! என்ன வண்டி விக்கிறீங்க?" செல்வம் சைக்கிளை வாங்கிக்கொண்டார். சக்கரத்தைச் சுற்றினார். பிரேக்கை அழுத்தினார். நிற்கவில்லை. சக்கரத்தின் நடுவில், பிரேக் பிடிக்கும் இரும்புத் தட்டான டிஸ்க்கை விரலால் தடவினார். அப்புறம்தான் அந்த மோந்து பார்த்தல்.

"மீன் எண்ணெய். டிஸ்க்குல மீன் எண்ணெயைப் பூசுனா வண்டி எப்படி சார் நிக்கும்? யாரு பார்த்த வேலை இது?"

காக்காவின் நீட்டிய விரல் அப்படியே நின்றது. அவர் முகத்தை ஒரு தடவைதான் பார்த்தேன். தன் தம்பியின் கால் அவர் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது என்று தெரிந்தது.

"நான்தான்" என்றேன்.

செல்வம் பிடித்துக்கொண்டார். "தலையில அடிச்சுச் சொன்னேனே சார்! படிச்சவங்க நீங்களே இப்படிச் செய்யலாமா?" பத்து நிமிடம். கடையில் இருந்த இரண்டு வாடிக்கையாளர்களும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். வாங்கிக்கொண்டேன். ஒரு விதத்தில் நியாயம்தானே, அவர் சொன்னபோது நான் பெல் அடித்துக்கொண்டிருந்தேன். பிரேக் கட்டைகளை மாற்றி, டிஸ்க்கை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் காக்கா என் கால் கட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பாலம் ஏறும்போது, "இப்ப வலிக்குதா தம்பி?" என்றார். இல்லை என்றேன். இறங்கியதும் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு என்மேல் ஒரே பெருமிதம். பெரிய மனுஷத்தனமாக நடந்துகொண்டேன் இல்லையா? ஒரு மனிதரைத் தலைகுனிய விடாமல் காப்பாற்றிவிட்டேன் இல்லையா?

மறுநாள் காக்கா வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பள்ளிவாசலுக்குப் போகிறவர் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் போனார். எண்ணெய் டின்னையும் காணோம். ஒரு வாரத்தில் மூன்று வீட்டுக் கேட்டுகள் கத்த ஆரம்பித்தன. அவர் காதில் விழாமலா இருக்கும்? வரவில்லை.

புண் ஆறியது. கட்டைப் பிரித்த டாக்டர், "தப்பிச்சீங்க" என்றார். வீட்டுக்கு வந்து வசந்தாவிடம், காக்கா ஏன் இப்படி ஒதுங்குகிறார், நான்தான் பழியை ஏற்றுக்கொண்டேனே என்றேன்.

"அதுதான் தப்பு" என்றாள். "நீங்க அன்னைக்கே அவரைத் திட்டியிருந்தா, ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு ரெண்டாம் நாளே டீ குடிக்க வந்துருப்பாரு. நீங்க திட்டவும் இல்ல. அவரை மன்னிப்புக் கேக்கவும் விடல. அவரு பாவம் என்னதான் பண்ணுவாரு?"

இருபத்தெட்டு வருஷமாக இவளோடு இருக்கிறேன். இவ்வளவு தெளிவாக இருப்பவள் என்று தெரியாது. நாம் தாராளமாக நடந்துகொள்ளும்போது பெரும்பாலும் நம்மைத்தான் அழகு பார்த்துக்கொள்கிறோம். எதிரே நிற்பவரைப் பார்ப்பதில்லை.

மறுநாள் காலை, லாட்ஜுக்குக் கிளம்பும் நேரத்தில், சைக்கிளை உருட்டிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். காக்கா திறந்தார். அவர் வாயைத் திறக்கும்முன் ஆரம்பித்துவிட்டேன்.

"என்ன காக்கா வேலை பார்த்தீங்க? யாரைக் கேட்டு பிரேக்குல எண்ணெய் பூசுனீங்க? விழுந்து கால் போயிருந்தா என்ன செய்வீங்க? பத்து நாள் நான் பயந்த பயம் உங்களுக்குத் தெரியுமா?"

சத்தமாகத்தான் கேட்டேன். தெருவில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். காக்காவின் கண் கலங்கியது. ஆனால் தோள் இறங்கியது. ஒரு வாரமாகச் சுமந்ததைக் கீழே வைத்தது மாதிரி.

"தப்புத்தான் தம்பி. பெரிய தப்பு. நானும் தூங்கல." என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கடையிலேயே இதைக் கேட்டுருக்கலாம்ல? ஏன் அங்கன மூடி மறைச்சே?"

நான் சைக்கிளைச் சுவரில் சாய்த்தேன்.

அவர் சைக்கிளைப் பார்த்தார். சும்மா இருக்க முடியுமா அவரால்? செயினைத் தடவினார். "காஞ்சு கிடக்கு" என்றார். உள்ளே போய் டின்னோடு வந்தார். "பிரேக்கு வட்டம் எதுன்னு காட்டு." காட்டினேன். இரண்டு சக்கரத்திலும் டிஸ்க்கைச் சுற்றிப் பாலிதீன் பையைக் கட்டி, அதன்மேல் தன் துண்டைக் கிழித்து இன்னொரு கட்டுப் போட்டார். அப்புறம்தான் செயின். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு. விட்டுத் துடைத்து, விட்டுத் துடைத்து... நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவசரப்படுத்தவில்லை. அவரும் அவசரப்படவில்லை.

லாட்ஜுக்கு ஒரு மணி நேரம் லேட்.

"சைக்கிள் ரிப்பேரா சார்?" என்று கேட்டார் ரிசப்ஷனில் இருந்தவர்.

"சைக்கிளுக்கு ஒண்ணுமில்லப்பா" என்றேன்.