அம்மா போட்ட கையெழுத்து

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும் மகளின் வணக்கம். படத்துக்கும் அச்சுக்கும் தம்பி அலைந்தான். எழுதுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டான். இது போன்ற மலர்களில் இறந்தவர்கள் எல்லோரும் கோபமே அறியாதவர்களாக இருப்பார்கள். அம்மாவுக்குக் கோபம் வரும், நன்றாகவே வரும். அதை மறைத்து எழுதினால் படிக்கிற நீங்களே சிரிப்பீர்கள்.

அம்மா பிறந்தது உப்பூருக்குப் பக்கத்தில் ஒரு கடலோரச் சிற்றூர். வாழ்க்கைப்பட்டு வந்தது தெற்கே, கீழக்கரையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் உள்ள எங்கள் ஊருக்கு. அய்யா கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தார். நாடு விடுதலை பெற்ற வருஷம் நான் கைக்குழந்தை. தம்பி பிறந்த சில மாதங்களில் அய்யா அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். உடல்கூட வரவில்லை, கடிதம்தான் வந்தது. அம்மாவுக்கு அப்போது எழுத்து தெரியாது. வாசித்துச் சொன்னவரை நம்பாமல் இரண்டு முறை, மூன்று முறை வாசிக்கச் சொன்னாராம். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், என் சிலேட்டை வாங்கி அம்மாவும் எழுத்துப் படித்தார். காலையில் நான் படித்ததை மாலையில் அவருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டும். தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் எனக்குத்தான் குட்டு விழும்.

கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்து ஊர் ஊராகக் கடலாடிச் சந்தை வரை நடந்து எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தார். சந்தையில் பேசிப் பழகிய வாய் என்பதால் யாருக்கும் அஞ்சாது.

பஞ்சாயத்துச் சட்டம் மாறி, போர்டில் ஒரு பெண்ணும் மெம்பராக இருக்க வேண்டும் என்று வந்தது. வசதியான வீட்டுப் பெண்கள் ஒருவரும் முன்வரவில்லை. கருவாட்டுக்காரிக்கு என்ன தெரியப்போகிறது, சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்று தலைவர் அம்மாவை நியமித்தார். பெண் மெம்பர் கூட்டத்துக்கு வரத் தேவையில்லை என்பது அங்கே எழுதாத வழக்கம். கூட்டம் முடிந்ததும் தீர்மானப் புத்தகத்தைப் பியூன் முனியாண்டி மாமா வீட்டுக்கே கொண்டுவருவார். கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்.

முதல் தடவை அவர் வந்தபோது அம்மா பேனாவைத் தொடவே இல்லை.

"இங்கன ஒரு கையெழுத்துத்தான் தங்கச்சி. போட்டா நான் போயிருவேன்."

"கஞ்சி இருக்கு, குடிச்சிட்டு உக்காருண்ணே. நான் வாசிச்சு முடிக்க நேரமாகும்."

எழுத்துக்கூட்டி, வரி வரியாக அம்மா வாசித்து முடிக்கும்வரை அந்த மனிதர் காத்திருந்தார். பிறகு மாதாமாதம் இதுவே வழக்கமாகிவிட்டது. புத்தகத்தோடு வரும்போதே "கஞ்சி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்.

மறுநாள் விடிந்ததும் அம்மா குடத்தோடு ஊருணிக்குப் போவார். எங்கள் ஊரில் எந்தக் கிணற்றில் வாளியை விட்டாலும் உப்புக் கரிக்கும். குடிக்கிற தண்ணீர் அந்த ஒரு ஊருணியில்தான். மூன்று தெருப் பெண்களும் காலையில் அங்கே கூடுவார்கள். வாசித்ததை எல்லாம் அம்மா அவர்களுக்குச் சொல்வார். விளக்குக் கம்பம் எந்தத் தெருவில் வருகிறது, அம்மை குத்துகிறவர்கள் என்றைக்கு வருகிறார்கள், சந்தைக் குத்தகை யாருக்குப் போனது என்று எதையும் விடமாட்டார். தெரியாததைக் கேட்டால், "தெரியல. கேட்டுட்டு வந்து நாளைக்குச் சொல்றேன்" என்பார். மறுநாள் சொல்லியும்விடுவார். "போர்டுச் சேதி என்னக்கா?" என்று கேட்காமல் எந்தப் பெண்ணும் குடத்தை இடுப்பில் எடுக்கமாட்டாள். ஆண்கள் டீக்கடையில் தெரிந்துகொள்ளும் முன்பே அது எங்கள் வீட்டு அடுப்படிகளுக்கு வந்துவிடும். தலைவருக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் வெளியே சொல்ல முடியாதே.

இந்தச் சமயத்தில்தான் எனக்குச் சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளை, தலைவரின் தங்கை மகன். அப்பன் இல்லாத பெண்ணுக்கு அவ்வளவு பெரிய இடமா என்று ஊரே வாயைப் பிளந்தது. எனக்கு அப்போது பதினாறு முடிந்து பதினேழு. கால் தரையில் பாவவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பரிசம் போடுகிற அன்று காலை வீடு கொள்ளாத கூட்டம். அம்மாவின் இரண்டு கையிலும் மாவும் எண்ணெயும். அந்த நேரம் பார்த்துத் தீர்மானப் புத்தகம் வந்தது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அம்மா கையெழுத்துப் போட்டார். புத்தகம் போய்விட்டது. முனியாண்டி மாமா கஞ்சி குடிக்காமல் போன ஒரே நாள் அதுதான்.

ஒரு வாரம் கழித்து, ஊருணிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த புறம்போக்கில் ஆட்கள் இறங்கி வரப்புப் போடத் தொடங்கினார்கள். கடற்பக்கமிருந்து ஒரு வாய்க்காலும் நீண்டு வந்தது. உப்பளம் வரப்போகிறது என்றார்கள். உப்பளம் அங்கே வந்தால் ஊருணி என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"போர்டுல அப்படித் தீர்மானமே கிடையாது. இருந்தா நான் சொல்லியிருக்க மாட்டனா?" என்று அம்மா அடித்துச் சொன்னார். சொன்ன கையோடு போர்டு ஆபீசுக்குப் போய்ப் புத்தகத்தைக் கேட்டார். தலைவரே பக்கத்தைப் புரட்டிக் காட்டினாராம். அந்தப் புறம்போக்கை உப்பளத்துக்குக் குத்தகைக்கு விடுவதாகத் தீர்மானம். குத்தகைதாரர், எனக்கு மாமனாராக வரவிருந்தவர். எல்லாக் கையெழுத்துக்கும் கீழே அம்மாவின் கையெழுத்து.

அன்று சாயங்காலம் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"பௌர்ணமிக்குக் கடல் ஓதம் ஏறும். அன்னைக்கு வாய்க்கால தெறந்து விடுறோம். அதுக்கடுத்த வாரம் கல்யாணம். அதுவரைக்கும் வாயைத் தெறக்காம இரு, போதும். உன் கையெழுத்து இருக்குன்னு ஊருக்குத் தெரிஞ்சா, மக கல்யாணத்துக்காக ஊருணிய வித்துட்டாள்னு உன்னைத்தான் பேசும். முள்ளு மேல சேலை விழுந்தாலும், சேலை மேல முள்ளு விழுந்தாலும் சேதாரம் சேலைக்குத்தான்."

பௌர்ணமிக்கு ஐந்து நாள் இருந்தது. பேசாமல் இருந்தால் எனக்குக் கல்யாணம், ஊருக்கு உப்புத் தண்ணீர். பேசினால் ஊருணி பிழைத்தாலும் பிழைக்கும், அம்மாவின் பெயர் போய்விடும், கூடவே என் சம்பந்தமும். அன்று எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. தம்பி பசிக்கிறது என்று அழுததற்கு பக்கத்து வீட்டு ஆமினா பெரியம்மாவிடமிருந்து சோறு வந்தது.

விடிந்ததும் அம்மா குடத்தை எடுத்தார். நானும் பின்னாலேயே போனேன். கரையில் வழக்கம்போலப் பெண்கள் கூடியிருந்தார்கள். அம்மா குடத்தைக் கீழே வைத்தார்.

"நேத்து நான் சொன்னது தப்பு. தீர்மானம் இருக்கு. அதுல என் கையெழுத்தும் இருக்கு. பரிசத்தன்னைக்குப் போட்டுட்டேன். நான் படிக்கல."

ஒருத்தி, அம்மாவிடம் கடனுக்குக் கருவாடு வாங்கித் தின்றவள்தான், "படிக்காமப் போட்டியா, பரிசப் புடவையப் பாத்துப் போட்டியா?" என்று கேட்டாள். இன்னொருத்தி கீழே காறித் துப்பினாள். அம்மா தலையைக் குனியவில்லை. பெண்கள் சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லி ஓயட்டும் என்று நின்றார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

கடைசியில் ஆமினா பெரியம்மாதான் முன்னால் வந்தார். "வைதது போதும். பௌர்ணமிக்கு நாள் கெடக்கு. என்ன செய்யணும்னு சொல்லு புள்ள."

ஆமினா பெரியம்மாவின் தம்பி மனு எழுதினார். ஒவ்வொரு பெண்ணுக்கும் அம்மாவே அதை முழுதாக வாசித்துக் காட்டிய பிறகுதான் கைரேகை வாங்கினார். கேட்டது போதும் என்றவர்களையும் விடவில்லை. ராமநாதபுரத்துக்குப் போய் மேலதிகாரியிடம் மனுவைக் கொடுத்தார்கள். வந்து பார்க்கிறேன் என்றாராம். எப்போது என்று சொல்லவில்லை.

பௌர்ணமியும் வந்தது, அதிகாரி வரவில்லை. காலையிலேயே பெண்கள் குடத்தோடு வாய்க்கால் வாயில் கூடினார்கள். தண்ணீர் எடுக்கிற குடத்தில் மணலை அள்ளி அள்ளி வாய்க்காலில் கொட்டினார்கள். நானும் கொட்டினேன். ஓதம் ஏற ஏற, கரைந்த இடத்தில் திரும்பவும் கொட்ட வேண்டியிருந்தது. உப்பளத்து ஆட்கள் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். பெண்கள் மேல் கைவைக்க அவர்களுக்குத் துணிச்சல் வரவில்லை. சிலர் எங்கள் தெருக்காரர்கள்தான். மாப்பிள்ளையின் அப்பா வந்தார், தலைவரும் கூட வந்தார்.

"சம்பந்தம் வேணுமா, ஊருணி வேணுமா? இப்பவே சொல்லிரு" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அம்மா இடுப்பிலிருந்த மணற்குடத்தை இறக்கவில்லை. "எம் மகளுக்கு மாப்பிள்ளை வேற ஊர்லயும் கெடைப்பான். இந்த ஊருக்கு ஊருணி வேற எங்க கெடைக்கும்?" என்று சொல்லிவிட்டு, குடத்தை வாய்க்காலில் கவிழ்த்தார்.

அன்று மாலையே பரிசத் தட்டு திரும்பிப் போய்விட்டது. மறுநாள் அதிகாரி வந்தார். ஊருணித் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் குடித்துப் பார்த்தார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அவர் உத்தரவுப்படி அடுத்த மாதக் கூட்டத்தில் குத்தகை ரத்தானது. அந்தக் கூட்டத்துக்கு அம்மா நேரில் போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஊருணி பிழைத்தது, ஆனால் அம்மாவின் பெயர் பிழைக்கவில்லை. 'படிக்காமல் கையெழுத்துப் போட்டவள்' என்ற பேச்சு நிலைத்துவிட்டது. அடுத்த போர்டில் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. கரையில் ஏதாவது சேதி சொன்னால், "இதையாவது படிச்சியா?" என்று கேலி பேசுவார்கள். "படிச்சேன்" என்று அம்மாவும் சிரித்துக்கொண்டே சொல்வார். வீட்டுக்கு வந்து பாத்திரத்தை நங்கென்று வைக்கிற சத்தத்தில்தான் அவர் மனசு எங்களுக்குத் தெரியும். இரண்டு வருஷம் கழித்து கடலாடிப் பக்கத்து வாத்தியார் ஒருவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார். நல்ல மனிதர். அந்த வகையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வருஷம் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ராமநாதபுரத்தில் வைத்துப் பார்த்தோம், தேறவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்று அவரே கேட்டார். கடைசி நாட்களில் ஒருநாள், "அம்மா, நான் ஊருல சொல்லிரட்டுமா?" என்று கேட்டேன். "விடுத்தா. ஊருக் கோவம் ஒருத்தி மேல போதும்" என்றார். நான்காம் நாள் விடியலில் அடங்கிவிட்டார்.

அம்மாவை மாட்டுவண்டியில் அலுங்காமல் கொண்டுபோய்க் கொண்டுவந்த கோட்டைச்சாமி அண்ணனுக்கும், இரவும் பகலும் பக்கத்தில் இருந்த ஆமினா பெரியம்மாவுக்கும், தள்ளாத வயதிலும் தோள்கொடுத்து வந்த முனியாண்டி மாமாவுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பெரிக்க விடாமல் சோறு தந்த மூன்று தெருக்காரர்களுக்கும் நானும் தம்பியும் என்றும் கடன்பட்டவர்கள்.

விடச் சொன்னார் அம்மா. என்னால் விட முடியவில்லை. பரிசத்தன்று அம்மாவின் கையில் மாவு இருந்ததால் புத்தகத்தை வாங்கியது நான். எட்டாவது வரை படித்தவள், முழுதாக வாசித்தேன். குத்தகைதாரர் பெயரைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. அம்மா வாசித்தால் கையெழுத்துப் போடமாட்டார், பரிசம் அங்கேயே நின்றுபோகும் என்று பயந்தேன். "என்னத்தா எழுதியிருக்கு?" என்று கேட்டார். "விளக்குக் கம்பம் போடுறதும்மா" என்றேன். ஆபீசிலிருந்து திரும்பிய அன்று, "அன்னைக்கு நீ வாசிச்சியா, வாசிக்கலையா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். வாசித்தேன் என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலை எல்லோர் முன்னாலும் நின்று 'நான் படிக்கல' என்றார்.

ஊர்ப் பெண்களுக்கு இதை நான் சொல்லியாக வேண்டும். அம்மா யோசிக்காமல் கையெழுத்துப் போடவில்லை. மகள் வாசித்துச் சொன்னதை நம்பிப் போட்டார்.