பழுப்பு நாயின் பல்

தில்லி ஜனக்புரியில் மெட்ரோவுக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்த சமயம். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஆதரவில்லாத நாய்களை வைத்திருந்து, கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் இடம் ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் காலமான பிறகு பகல்பொழுது நகரவில்லை என்று அங்கே கோதுமை ரவைக் கஞ்சி காய்ச்சப் போவேன். ஐந்தாவதோடு நின்ற படிப்பு. இந்தி, காய்கறிக்காரனிடம் பேசும் அளவுக்குத்தான். கஞ்சி காய்ச்ச அது போதும்.

ஒரு பழுப்பு நாய் வெகுநாளாக அங்கேயே கிடந்தது. சாது. ஆனால் வாய் நாறும். பார்க்க வருகிறவர்கள் குனிந்து தடவுவார்கள். அது ஆசையாக முகத்துக்கு நேரே மூச்சு விடும். அவ்வளவுதான், அடுத்த கூண்டுக்குப் போய்விடுவார்கள். கஞ்சியையும் ஒரு பக்கமாகவே நக்கும். கடைசியில் டாக்டர் மயக்க ஊசி போட்டு, பல்லில் கல்லாகப் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தார். சொத்தையான கடைவாய்ப்பல் இரண்டைப் பிடுங்கினார். நாற்றம் போயிற்று. தட்டை வழித்துத் தின்றது. இனி வீடு கிடைத்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அம்மாள் கணவரோடும் சின்னப் பெண்ணோடும் வந்தாள். நாய் அந்தப் பெண்ணின் கன்னத்தை நக்கியது. யாரும் முகம் சுளிக்கவில்லை. அம்மாள் என் பக்கம் திரும்பி, "காட்தா ஹை க்யா, ஆன்ட்டிஜி?" என்றாள். என் காதில் 'காதா ஹை' என்று விழுந்தது. சாப்பிடுகிறதா என்று கேட்கிறாள். அங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டே, "பஹுத், ஜி. பெஹ்லே நஹீ. அப் தாந்த் டீக் ஹை, பஹுத்" என்றேன். நிறைய, முன்பு இல்லை, இப்போது பல் சரியாகிவிட்டது, நிறைய.

அவள் பெண்ணை வெடுக்கென்று இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள். மூன்று பேரும் கேட்டைப் பார்த்து நடந்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூண்டு கழுவுகிறவன் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். "அரே மாதாஜி, காட்னா, காட்னா" என்று தன் கையையே பல்லால் கவ்விக் காட்டினான். கடிக்குமா என்றுதான் அவள் கேட்டிருக்கிறாள்.

நாயைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். மூட்டுவலியில் ஓட்டம் எங்கே வரும்? அவர்கள் ஸ்கூட்டரைக் கிளப்புவதற்குள் தெருவில் பிடித்துவிட்டேன். வார்த்தைதான் வரவில்லை. என் கையை அதன் வாய்க்குள் விட்டுக் காட்டினேன். பாவம், அது வாயைத் திறந்தபடியே நின்றது. கணவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. "ரெஹ்னே தோ ஜி, பச்சி சோட்டி ஹை" என்றாள். குழந்தை சின்னவள், வேண்டாம் என்று. ஸ்கூட்டர் போய்விட்டது.

சாயங்காலம் மகனிடம் சொன்னேன். "உனக்கெதுக்கும்மா இந்த வம்பு? புரியலன்னா மாலூம் நஹீன்னுட்டுப் போயேன்."

"புரிஞ்சுதுன்னுதாண்டா நெனச்சேன்" என்றேன்.

பிறகு வந்தவர்கள் குட்டிகளைத்தான் கேட்டார்கள். குளிர்காலம் முழுக்கப் பழுப்பு அங்கேயே இருந்தது. காரை மறுபடி படியாமல் இருக்க, தினமும் ஈரத்துணியால் பல்லைத் தேய்த்துவிடச் சொல்லியிருந்தார் டாக்டர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு போய் நின்றால், தானே வாயைத் திறக்கும். தேய்த்து முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும். அப்புறம் போய் அடுப்பைப் பற்றவைப்பேன்.